காட்டை வெட்டினால் காய்ச்சல் போகுமா?

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், செலாயாங்கில் என் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை காலை ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லோரும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்வதுண்டு. வரும் தாள்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். மரம் நடுவோம், நெகிழியைத் தவிர்ப்போம், இயற்கை நம் தாய், வருங்காலச் சந்ததிக்கு விட்டுச் செல்வோம். எழுத்துப்பிழைகூட இருக்காது. எந்த மரம், எந்த மண்ணில், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்ட ஒரு தாளை இன்னும் நான் பார்க்கவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. தமிழ்ப்பள்ளி நாளிலிருந்தே சுற்றுச்சூழலை நன்னெறிப் பாடம் போலத்தான் அவர்களுக்குக் காட்டி வந்திருக்கிறோம். குப்பை போடாதவன் நல்லவன், போடுகிறவன் கெட்டவன். அதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

அண்மையில் ஒரு மாணவியின் அம்மா வகுப்பு முடியும் நேரத்தில் வந்தார். "சார், இவ பல்கலைக்கழகத்துல சுற்றுச்சூழல் அறிவியல்தான் எடுப்பேன்னு பிடிவாதமா நிக்கிறா. அதுல அப்படி என்னதான் படிக்கப் போறா? குப்பை போடக்கூடாதுன்னு படிக்க நாலு வருசமா?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நல்லது செய்ய நினைக்கும் மனம் பலருக்கும் இருக்கிறது. அந்த நல்லது ஓர் இடத்தில் உயிரைக் காப்பாற்றும், பத்து மைல் தள்ளி இன்னோர் இடத்தில் அதுவே உயிரை எடுக்கும். இரண்டு இடத்துக்கும் என்ன வேறுபாடு என்று கண்டுபிடிக்கத் தெரிவதுதான் இந்தப் படிப்பு. இது சும்மா சொல்லும் பேச்சல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்தில், இதே சிலாங்கூர் மண்ணில் நடந்தது.

1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். கிள்ளான் அப்போது மலேரியாவின் பிடியில் இருந்தது. பக்கத்தில் புதிதாகத் திறந்த துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், காய்ச்சலால் மூடிவிட வேண்டிய நிலைக்குப் போனது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து நாலு ஆண்டுதான் ஆகியிருந்தது. பெரிய இடங்களிலேயே பலர் அதை இன்னும் முழுதாக நம்பவில்லை. வாட்சன் நம்பினார். ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு நீரை வடித்தார், காட்டை வெட்ட வைத்தார், வெயில் உள்ளே விழும்படி செய்தார். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

சரி, பாடம் இவ்வளவுதானா? காட்டை வெட்டு, நீரை வடி, காய்ச்சல் போகும். அப்படி நினைத்தவர்கள் நிறைய. ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம் அது. தோட்டங்கள் கடலோரச் சமவெளியைத் தாண்டிக் குன்றுகள் மேல் ஏறத் தொடங்கின. அங்கேயும் காட்டை வெட்டினார்கள். பள்ளத்தாக்குகளில் மரங்கள் சாய்ந்தன, பாறை இடுக்கிலிருந்து கசிந்து ஓடும் தெளிந்த ஓடைகள் மேல் முதன்முறையாக வெயில் விழுந்தது. சமவெளியில் குறைந்த காய்ச்சல் குன்றுகளில் கொழுந்துவிட்டு எரிந்தது. தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்து இறங்கிய சேலத்துக்காரரும் திருச்சிக்காரரும் தஞ்சாவூர்க்காரரும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளில் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். பலர் எழுந்திருக்கவே இல்லை.

காரணம் கொசுவின் வகையில் இருந்தது. சமவெளிச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பியது அனோபிலிஸ் அம்பிரோசஸ். மர நிழலில் தேங்கி நிற்கும் இருண்ட நீரில் முட்டையிடுவது அது, வெயில் பட்டால் அதற்கு ஆகாது. குன்றில் பரப்பியது அனோபிலிஸ் மாக்குலேட்டஸ். அதற்குத் தேவை வெயில் படும், ஓடும், தெளிந்த நீர். காடு நிழல் விரித்திருந்த வரைக்கும் அந்த ஓடைகளில் அது பெருக முடியவில்லை. கோடரி அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது. ஒரே நோய், ஒரே கோடரி, ஒரே நல்ல எண்ணம். கீழே காப்பாற்றியது மேலே கொன்றது.

வாட்சன் இதை உணர்ந்ததும் குன்றுகளுக்கு வேறு வழி தேடினார். ஓடை நீரை மண்ணுக்கு அடியில் புதைத்த குழாய்களில் கொண்டுபோனார். குழாய் பதிக்க முடியாத இடங்களில் நீர் மேல் எண்ணெய் தெளித்தார்கள். தோட்டங்களில் கொசு எண்ணெய் அடிக்கும் வேலைக்கென்றே ஆள் இருந்ததை என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஓடை ஓடையாகப் போவார்களாம். ஏன் என்று தாத்தாவுக்குத் தெரியாது. எனக்கே பட்டப்படிப்பு முடித்துப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிய வந்தது. நம் குடும்பங்களின் வரலாற்றில் இவ்வளவு பெரிய அறிவியல் பாடம் புதைந்து கிடக்க, பள்ளியில் நாம் மலேரியாவுக்கு ஒரு வரைபடமும் நாலு வரியும்தான் படித்தோம். இன்று நினைத்தாலும் எனக்கு அது ஆறாத வருத்தம்.

சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர் முதல் ஆண்டிலேயே இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். "காடு நல்லது", "சதுப்பு கெட்டது" என்ற வகையில் எழுதும் எந்த வாக்கியத்தையும் அதன் பிறகு அவர்களால் கூசாமல் எழுத முடியாது. எங்கே, யாருக்கு, எந்த உயிருக்கு என்ற கேள்வி தானாக நாக்கில் வந்து நிற்கும்.

நிறைய மாணவர்கள் இது பழங்கதை, இன்று இப்படி நடக்காது என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது 1998-99 நிப்பா காய்ச்சல். என் வயதுக்காரர்களுக்கு அந்த மாதங்கள் நன்றாக நினைவிருக்கும்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். பன்றியிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோய் அது, இங்கே ஏற்கெனவே இருந்ததுதான். உடனே கொசு மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். யாரும் சும்மா இருக்கவில்லை, எல்லோரும் உழைத்தார்கள். நோய் மட்டும் நிற்கவில்லை. பன்றிகளை விற்றபோது லாரியோடு சேர்ந்து நெகிரி செம்பிலானுக்கும் போய்ச் சேர்ந்தது.

கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் தடயங்கள் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளோடு நெருங்கி வேலை செய்த பெரியவர்கள். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் புதிய கிருமி ஒன்றைக் கண்டார். அந்த நோயாளி வாழ்ந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அது கொசு வழியாக வருவதில்லை, பன்றியைத் தொட்டுப் புழங்குவதால் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் சரியான காரியம் நடந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள், பரவல் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்திருந்தார்கள்.

பிறகு, பன்றிக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். தடம் பழந்தின்னி வௌவாலிடம் போய் முடிந்தது. பண்ணைக்காரர்கள் கொட்டகையை ஒட்டியே மாமரங்களும் மற்றப் பழ மரங்களும் வைத்திருந்தார்கள். இடம் வீணாகாது, கூடுதல் வருமானம். இரவில் வௌவால் வந்து பழத்தைக் கடித்துப் பாதியைக் கீழே போடும், எச்சமிடும், சிறுநீர் கழிக்கும். கீழே நிற்கும் பன்றி அதைத் தின்னும். ஒரு பழ மரம், ஒரு கொட்டகை, நடுவில் நாலைந்து அடி இடைவெளி. கிருமி அந்த இடைவெளியைத்தான் தாண்டியது.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை, "அப்போ வௌவால்களைக் கொன்னுடலாமே சார்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பேன். உடனே அவர்களை ஜன்னலோரம் கூப்பிட்டுப் பத்துமலையைக் காட்டுவேன். எங்கள் வீட்டிலிருந்து அந்தச் சுண்ணாம்புக்கல் மலையின் ஓரம் தெரியும்.

தைப்பூசத்தன்று 272 படிகளையும் ஏறி முருகனைக் கும்பிட்டு இறங்கும் நமக்கு, அதே மலையின் இருண்ட குகைகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவ்வளவாகத் தெரியாது. அங்கே வாழும் வௌவால்களில் ஒரு வகை பூந்தேன் குடிப்பது. நிப்பா கிருமியைச் சுமந்த பெரிய வௌவால் வேறு, இது வேறு. இது உள்ளங்கையில் அடங்கும். இருட்டியதும் குகையை விட்டுப் பறந்து போய், நீண்ட நாக்கால் பூவில் தேன் குடித்து, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குப் போகும். டுரியான் பூ மாலையில்தான் மலரும், அந்த இரவே உதிரத் தொடங்கிவிடும். பகலில் வரும் தேனீக்களை நம்பி அது இருக்க முடியாது. பெத்தாய் மரத்தில் நீண்ட காம்பில் பந்து போலத் தொங்கும் பூவும் வௌவாலுக்கென்றே அமைந்தது போல இருக்கும். நாம் சம்பல் வைத்துச் சாப்பிடும் பெத்தாயும், பருவத்தில் சாலையோரக் கடையில் பேரம் பேசி வாங்கும் டுரியானும் நல்ல அளவுக்கு இந்த வௌவாலின் இரவு வேலை.

டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. மற்ற மாதங்களில் வௌவால் எதைக் குடித்து உயிர் வாழ்கிறது? 1970களில் நடந்த ஆய்வுகளில் விடை கிடைத்தது. வௌவாலின் எச்சத்தில் கிடந்த மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கடலோரச் சதுப்புநிலக் காட்டில் வளரும் பெரெம்பாங் வகை மரங்களின் மகரந்தம் அதில் இருந்தது. பத்துமலையிலிருந்து கடலோரம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். மாதக்கணக்கில் டுரியான் பூக்காத காலத்தில் இந்தச் சின்ன உயிர் ஒவ்வோர் இரவும் அவ்வளவு தூரம் பறந்து போய்த் தேன் குடித்துவிட்டு, விடிவதற்குள் குகைக்குத் திரும்பியிருக்கிறது. கோலசிலாங்கூரில் மின்மினிப் பூச்சி பார்க்கப் படகில் போகிறோமே, அந்தப் பூச்சிகள் உட்கார்ந்து மின்னுவதும் பெரெம்பாங் மரத்தில்தான்.

இப்போது கொஞ்சம் கோர்த்துப் பார்த்தால் போதும். இறால் குளத்துக்காகவோ துறைமுகத்துக்காகவோ கடலோரக் காட்டை அழித்தால், மலையடிவாரத்தில் இருக்கும் டுரியான் தோட்டக்காரருக்குக் காய்ப்புக் குறையலாம். அவர் உரத்தைக் குறை சொல்வார், மழையைக் குறை சொல்வார், விதியைக்கூடச் சொல்வார். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டிய மரத்தை அவர் நினைக்க வழியே இல்லை. கல்லுக்காக மலையை உடைத்தாலும் அதே கதிதான். பத்துமலையின் ஒரு பக்கத்தை ஒரு காலத்தில் உடைக்கத்தான் செய்தார்கள், அந்தத் தழும்பை இன்றும் பார்க்கலாம்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நேரான பதிலும் இங்கேதான் இருக்கிறது. வௌவால் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. பழ மரத்தையும் பன்றிக் கொட்டகையையும் எந்த இடைவெளியில் வைத்தோம் என்று கேட்டால் பயன் உண்டு. நிப்பாவுக்குப் பிறகு பண்ணைகளில் பழ மரங்களை அகற்றினார்கள். வௌவாலைக் கொல்லும் தேவை வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் இதற்கெல்லாம் பெயர் வைத்துப் பாடமாக நடத்துவார்கள். சூழலியல், நோய்ப்பரவலியல், நீரியல், மண்ணியல் என்று தனித்தனி வகுப்பு, தனித்தனித் தேர்வு. அங்கேதான் எனக்குக் கவலை. தனித்தனியாகப் படித்துத் தனித்தனியாக மறந்துவிடுவதற்கு நம் தேர்வுமுறை நன்றாகப் பழக்குகிறது. வௌவாலுக்கும் மாமரத்துக்கும் பன்றி விற்கும் வணிகருக்கும் ஒரே தாளில் இடம் கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் அந்த மாணவர் கொடுத்து வைத்தவர்.

எண்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையும் இந்தப் படிப்பு சொல்லித்தர வேண்டும். புகைமூட்டம் வந்தால் இந்நாட்டில் எல்லோரும் கைப்பேசியில் பார்ப்பது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை. ஐபியூ என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 50 வரை நல்லது, 100 வரை மிதம், 200 வரை உடலுக்குக் கேடு, 300 வரை மிகவும் கேடு, அதற்கு மேல் ஆபத்து. 100ஐத் தாண்டினால் பள்ளித் திடலில் விளையாட்டு கிடையாது, 200ஐத் தாண்டினால் பள்ளி மூடுவார்கள். 2005 ஆகஸ்ட்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் எண் 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். 2013இல் மூவாரில் 746 வரை போனது.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது? 2018 வரைக்கும் நம் குறியீட்டில் துகள் என்றால் பி.எம். 10, அதாவது 10 மைக்ரான் வரை விட்டமுள்ளவை. எரியும் கரிமண்ணிலிருந்து, அதாவது சதுப்பில் மக்கிய தாவரங்கள் சேர்ந்து உண்டான மண்ணிலிருந்து, வரும் புகையில் பெரும்பகுதி அதைவிட மிக நுண்ணியது. பி.எம். 2.5 என்று சொல்லும் அந்தத் துகள்தான் நுரையீரலின் அடிவரை போகும், இரத்தத்திலும் கலக்கும். அதை நம் குறியீட்டில் சேர்த்தது 2018இல். சிங்கப்பூர் 2014லேயே சேர்த்துவிட்டது. 2015 புகைமூட்டத்தின்போது ஜொகூரில் இருந்தவரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் ஒரே புகையைத்தான் மூச்சில் இழுத்தார்கள், அவரவர் பார்த்த எண் வெவ்வேறு கணக்கில் வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் வேறு.

துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியில் வருவது என்பதும் பலருக்குத் தெரியாது. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் அடுக்குமாடி தெரியாத அளவுக்குப் புகை, கைப்பேசியில் எண் மட்டும் மிதமாக நிற்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை அன்று பள்ளிக்கு அனுப்பலாமா என்று ஓர் அம்மா எதை வைத்து முடிவு செய்வார்? என்ன அளந்தார்கள், எங்கே வைத்து அளந்தார்கள், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்கப் பழகிய ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த அம்மாவுக்குப் பெரிய துணை. புள்ளியியல் வகுப்பில் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் பட்டம் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கனத்துப் போகும்.

புகைமூட்டத்தைப் பற்றி இன்னொன்று. இந்தோனேசியாவின் சுமாத்ராவைக் கை காட்டிவிட்டு நாம் உட்கார்ந்துவிடுகிறோம். பெரும்புகை அங்கிருந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கான ஆசியான் ஒப்பந்தம் 2002இல் இதே கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது, இந்தோனேசியா அதை முறைப்படி ஏற்க 2014 வரை ஆனது. ஆனாலும் வட சிலாங்கூரில் ராஜா மூசா காட்டிலும் கரிமண் எரிந்திருக்கிறது. நீர் நிறைந்த வரைக்கும் கரிமண் எரியாது. செம்பனைக்காகவோ வேறெதற்காகவோ கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அது காய்ந்த விறகு. தீ மேலே அணைந்தது போல இருக்கும், மண்ணுக்குள் வாரக்கணக்கில் ஊர்ந்துகொண்டே இருக்கும். வாட்சன் கிள்ளானில் நீரை வடித்து உயிரைக் காப்பாற்றினார். கரிமண்ணில் நீரை வடித்தால் நகரங்கள் மூச்சுத் திணறுகின்றன. மறுபடியும் அதே கதைதான், இடம் மட்டும் வேறு.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நாம் எல்லோரும் வாளி தூக்கியவர்கள். 2020 செப்டம்பர் 3ஆம் தேதி சிலாங்கூர் ஆற்று நீரில் கெட்ட வாடை வந்ததால் நாலு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் நீரில் பாதிக்கும் மேல் அந்த ஆற்றிலிருந்து வருவது. ஏறக்குறைய 12 லட்சம் குடிநீர் இணைப்புக் கணக்குகளுக்குக் குழாய் நின்றது. எங்கள் தாமான் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தபோது வயதான ஒரு பாட்டி, "ஆத்துல தண்ணி இருக்காமே, அப்புறம் ஏன்யா நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார். ஆற்றில் தண்ணீர் நிறைய இருந்தது, நிலையத்தால் அந்த வாடையை நீக்க முடியவில்லை. தடம் ராவாங் பக்கத்துச் சிற்றாறு ஒன்றில் கொட்டிய கழிவுக்குப் போனது. வாடையை அளக்கும் கருவி என்ன தெரியுமா? மனித மூக்கு. வாடையில்லாத நீரைக் கலந்துகொண்டே போவார்கள், எத்தனை மடங்கு கலந்த பிறகு வாடை மறைகிறதோ அதுதான் எண். இதைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. கற்பூரத் துளியை ஒரு ஜாடி நீரில் போட்டு, பாதிப் பாதியாகக் கலந்து அவர்களே முகர்ந்து பார்த்தார்கள். இரண்டு பேருக்கு வாடை மறைந்த கிண்ணம் மற்றவர்களுக்கு மறையவில்லை. "அப்ப யாரோட மூக்கை நம்புறது?" என்று சண்டை. அன்றைக்கு நடந்ததுதான் வகுப்பு.

அந்தச் சம்பவத்தின்போது, இவ்வளவு பேர் தவித்ததற்கு அபராதம் இவ்வளவுதானா என்று மக்கள் கொதித்தார்கள். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை 2024இல் திருத்தி, உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியிருக்கிறார்கள். மாணவர் சட்டமும் படிக்க வேண்டும் என்பேன். யார் கொட்டினார், யார் குடித்தார், யார் பணம் கட்டினார் என்று மூன்று பெயரையும் ஒரே வரியில் எழுதிப் பார்க்காதவரை ஆற்றின் வேதியியல் பாதிதான் புரியும். வாட்சன் காலத்துக் குன்றுத் தோட்டங்களில் ரப்பர் லாபம் போன இடம் வேறு, காய்ச்சல் போன இடம் வேறு. அது நம் லயன் வீடு. சுற்றுச்சூழல் கேட்டின் செலவு பெரும்பாலும் கேள்வி கேட்க முடியாதவர் வீட்டு வாசலில்தான் இறங்கும். இந்தப் படிப்புக்கு நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாகப் போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும். சுற்றுச்சூழல் துறை, நீர்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதும் ஆலோசனை நிறுவனங்கள், அபாயக் கழிவைக் கையாளத் தகுதிச் சான்று பெற்ற ஆளை வைத்திருக்க வேண்டிய ஆலைகள், செம்பனைத் துறையின் நிலைத்தன்மைச் சான்றிதழ் வேலைகள். சம்பளம் பொறியாளர் அளவுக்குத் தொடக்கத்தில் இருக்காது. ஆய்வுக்கூடமும் களமும் பிடிக்காத பிள்ளைக்கு இது வேண்டாம்.

களம் என்றதும் மரம் நடுவது நினைவுக்கு வருகிறது. 2021 தொடங்கி 2025க்குள் நாடு முழுவதும் 10 கோடி மரம் நடும் இயக்கத்தை அரசு அறிவித்தது. பள்ளிகளும் கோயில்களும் நம் இயக்கங்களும் அதில் கலந்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சி. நட்ட கன்றுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்த பிள்ளைகளிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன். மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தாயா? சதுப்புநிலக் கன்றைக் கொண்டுபோய் அலை ஓயாத சேற்றுத் திட்டில் நட்டால் சில வாரத்தில் கடல் அதை எடுத்துக்கொள்ளும். அந்த மரம் அங்கே இயல்பாக வளரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஏற்றவற்றம் எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேர் நீரில் மூழ்கும் என்று முதலில் அளக்க வேண்டும். நட்ட எண்ணிக்கையைப் பலகையில் எழுதி வைக்கிறோம், பிழைத்த எண்ணிக்கையை எழுதுவதில்லை.

நன்றாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்கக் கெப்போங் போகச் சொல்வேன். இன்று மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கும் இடம் 1920களில் ஈயம் தோண்டி மண் செத்துப் போன நிலம், காய்கறித் தோட்டம், மேடு பள்ளம். எந்த மண்ணில் எந்த மரம் பிடிக்கும் என்று சோதித்துச் சோதித்து நட்டார்கள். ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்று அங்கே கபூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாமல் நடுவில் வானம் மெல்லிய ஆறு போலக் கோடு போட்டு ஓடும். யுனெஸ்கோ 2025இல் அந்தக் காட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காடு என்றால் தானாக வளர்வது என்று நினைத்திருந்த ஒரு மாணவன் அங்கே வந்தபோது, "இதை ஆளுங்க நட்டதா சார்?" என்று மூன்று முறை கேட்டான்.

அந்த அம்மாவின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கற்பூர ஜாடி வகுப்புக்கு அடுத்த வாரம் அவள் ஒரு தாளோடு வந்தாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங், அதாவது சாக்கடை, எங்கே போகிறது என்று தம்பியோடு நடந்தே போய்ப் பார்த்திருக்கிறாள். இரண்டு சந்து தாண்டி ஒரு பெரிய கால்வாயில் விழுகிறது. கால்வாய் பத்து ஆற்றில் சேர்கிறது. பத்து ஆறு கோம்பாக்கில், கோம்பாக் மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்தில் கிள்ளான் ஆற்றில், அது கடலில். வரைபடத்தைப் பார்த்து மிச்சத்தை வரைந்திருந்தாள். வழியில் மூன்று இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். ஒரு கார் பட்டறை, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டு, பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வரும் ஒரு குழாய்.

"முதல் ரெண்டு தெரியும் சார். மூணாவது குழாயில ராத்திரி மட்டும்தான் தண்ணி வருது. அது என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவள் அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தாளை வாங்கி, அந்த மூன்றாவது வட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.